வெளுப்பாங்காலத்தில் மட்டும் ஓடாத மோட்டார்

மாமா வீடு திருவட்டாறு பக்கம், ஒரு மேட்டில். கிணறு கீழே, நாலு தட்டு இறங்கிப் போக வேண்டும். டாங்க் மொட்டை மாடியில். கிணற்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன மோட்டார் ஷெட். மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்து, டாங்க் வழிந்து, கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட் மொத்தமும் ஒரு நாள் நனைந்துபோனது. அன்றைக்கு மாமி போட்ட சத்தத்தில்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. "நீ படிச்ச படிப்புக்கு இத ஒண்ணு செய்து குடு மக்களே" என்றார் மாமா. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ், சம்பாதிப்பது வேறு எதிலோ என்பது அவருக்கும் தெரியும்.

செய்தது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. டாங்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். ஷெட்டில் ஒரு நோட்எம்சியூ போர்டு, அதாவது ஈஎஸ்பி8266 என்கிற வைஃபை சிப் வைத்த சின்னக் கம்ப்யூட்டர். அது ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை ஓட்டும், டிரான்சிஸ்டர் ஒரு 5 வோல்ட் ரிலேயை, அதாவது காந்தத்தால் இழுபடுகிற சுவிட்சை, இழுக்கும், ரிலே ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிற கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்குக் கரண்டு விடுகிற பெரிய சுவிட்சை, இழுக்கும். (மோட்டாரை நேரடியாக அந்த நீலப் பெட்டி ரிலேயில் கொடுக்காதீர்கள். மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும்தான், ஆனால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டு ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு. நாலு மாதத்தில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.) மாமா ரப்பர் பால் வெட்ட வெளுப்பாங்காலம் நாலு நாலரைக்கு எழுந்துவிடுவார், அந்த நேரத்தில் வோல்டேஜும் நன்றாக இருக்கும். அதனால் நாலரைக்கு டாங்க் காலியாக இருந்தால் மோட்டாரைப் போடு, நிறைந்ததும் நிறுத்து என்று புரோகிராம்.

வீட்டில், சால்டர் இல்லாமல் சொருகிப் பார்க்கிற பிரெட்போர்டில் வைத்துப் பார்த்தபோது ரிலே அழகாக டக் டக் என்று அடித்தது. பலகையில் சால்டர் பண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் மாட்டினேன். உச்சி வெயிலில் பட்டனை அமுக்கினேன், ஓடியது. கட்டன் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போன். மோட்டார் ஓடவில்லை. போனில் பார்த்தால் 'மோட்டார் ஆன்' என்று காட்டுகிறது, கீழே ஷெட்டில் சத்தமே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் போனேன், ஓடியது. வந்துவிட்டேன். ஞாயிறு காலை ஓடவில்லை. இப்படியே மூன்று வாரம்.

"நீ நின்னா ஓடுது, நீ போனா ஓடமாட்டேங்குது. ஒன்னப் பாத்து பயப்படுதோ என்னவோ" என்றார் மாமா. அதற்குள் அவரே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு. டக் என்று ரிலே விழும், மோட்டார் கிளம்பும், அப்புறம் டாங்க் நிறைகிறவரை தொந்தரவே இல்லை.

தட்டினால் வேலை செய்கிறது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது சால்டர் லூஸ் என்றுதான். எனக்கும் அதேதான் தோன்றியது. எல்லாச் சால்டர் மூட்டுகளையும் திரும்பச் சூடுபண்ணினேன். அப்புறம் போர்டுக்குக் கரண்டு கொடுக்கிற செல்போன் சார்ஜர் மேல் சந்தேகம், மாற்றினேன். வைஃபை நேரத்தைச் சரியாக எடுக்கவில்லையோ என்று புரோகிராமைக் குடைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்கிவிடுவது என்று மீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன்.

நாலரைக்கு நானும் மாமாவும் ஷெட்டில். அவர் தலையில் டார்ச், கையில் வெட்டுக்கத்தி. நல்ல குளிர்ச்சி, ராத்திரி மழை பெய்திருந்தது. போர்டு தன் வேலையைச் செய்தது, ரிலே அசையவில்லை. தட்டப்போன மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அளக்கலாம்.

சார்ஜர் 4.9 வோல்ட், சரி. டிரான்சிஸ்டருக்கு ஆணை போகிற போர்டின் பின்னில், அதாவது அதன் கம்பிக் காலில், 3.3 வோல்ட், அதுவும் சரி. ரிலே காயிலின், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருளின், இரண்டு முனையிலும் வைத்தால் 3.4. டிரான்சிஸ்டரில் கரண்டு உள்ளே போகிற கால் கலெக்டர், வெளியே வருகிற கால் எமிட்டர்; அந்த இரண்டுக்கும் நடுவே 1.5.

அந்த 1.5-ஐப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவிட்சாக வேலை செய்கிற டிரான்சிஸ்டரில் அந்த இடத்தில் 0.1, 0.2 வோல்ட்தான் நிற்க வேண்டும். ஒன்றரை வோல்ட் நிற்கிறது என்றால் அது சுவிட்சாகவே இல்லை, பாதி திறந்து நிற்கிறது. காரணம் பேஸில், அதாவது டிரான்சிஸ்டரைத் திறக்கச் சொல்கிற காலில், நான் போட்டிருந்த ரெசிஸ்டர்: பிரவுன், கறுப்பு, ஆரஞ்சு. 10 கே. காலேஜ் லேபில் கை பழகிப்போன 10 கே. பேஸா, 10 கே போடு என்று கைதான் எடுத்துப் போட்டது, மண்டை ஒன்றும் யோசிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பின்னில் 3.3 வோல்ட், அதில் பேஸ் எமிட்டர் நடுவே 0.7 போனால் மிச்சம் 2.6. 10,000 ஓமில் 2.6 வோல்ட் என்றால் பேஸுக்குப் போகிற கரண்டு 0.26 மில்லிஆம்பியர். நான் சால்டர் பண்ணியிருந்த டிரான்சிஸ்டரின் எச்எஃப்இ, அதாவது பேஸ் கரண்டைப்போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்கிற எண், சுமார் 200. பெருக்கினால் 52 மில்லிஆம்பியர். இந்த 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 ஓம், முழுசாக இழுக்க வேண்டியது 71 மில்லிஆம்பியர். ரிலே தயாரிப்பாளர் கொடுக்கிற வாக்குறுதி, 75 சதவீத வோல்டேஜ் கிடைத்தால் கண்டிப்பாக இழுக்கும் என்பது. அதைக் கரண்டாகப் பார்த்தால் 53 மில்லிஆம்பியர் சொச்சம். தேவை 53, கிடைப்பது 52. நான் என்னை அறியாமல் கத்தி முனையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

இனி மத்தியானக் கதை. டிரான்சிஸ்டர் சூடானால் எச்எஃப்இ கூடும், டிகிரிக்கு அரை சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வெளுப்பாங்காலம் 23, 24 டிகிரி. உச்சிவெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பெட்டிக்குள் 40-ஐத் தாண்டும். கிட்டத்தட்ட 20 டிகிரி வித்தியாசம் என்றால் பத்து சதவீதம் கூடுதல் கரண்டு. காயிலில் அளந்த 3.4 வோல்ட்டை 70 ஓமால் வகுத்தால், காலையில் நிஜமாக ஓடியது 49. அந்த 49 ஓடுகிற இடத்தில் மத்தியானம் 54 ஓடும். ரிலே இழுத்துவிடும். நான் எப்போதும் மத்தியானம் போனேன், மாமா எப்போதும் காலையில் போட்டார். பயந்தது மோட்டார் இல்லை.

தட்டு வைத்தியமும் இப்போது புரிந்தது. ரிலேக்குள் இருக்கிற இரும்புத் துண்டை இழுக்கத்தான் கரண்டு நிறைய வேண்டும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிடித்துவைக்க அதில் ஒரு சின்னப் பங்கு போதும். இழுக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற இரும்பை மாமாவின் உள்ளங்கை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது. நான் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன்.

அப்படியானால் வீட்டில் பிரெட்போர்டில் எப்படி ஓடியது? அதில் இருந்தது வேறு பிசி547. நாகர்கோவில் மணிமேடை பக்கம் ஒரு கடையில் பத்துப் பதினைந்தாக அள்ளி வாங்கியது, எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக மூன்று காலோடு இருக்கும். பிசி547-ல் ஏ, பி, சி என்று மூன்று ரகம் உண்டு: ஏ-க்கு எச்எஃப்இ 110 முதல் 220, பி-க்கு 200 முதல் 450, சி-க்கு 420 முதல் 800. மொத்தத்தில் 110 முதல் 800 வரை எதுவும் உங்கள் கையில் கிடைக்கலாம். மீட்டரில் இருக்கிற எச்எஃப்இ ஓட்டையில் சொருகிப் பார்த்தால் பிரெட்போர்டில் இருந்தது 480 காட்டியது, பலகையில் போனது 210. 480 என்றால் 0.26-க்கு 120-க்கு மேல் வருகிறது, 71 தாராளமாகக் கிடைக்கும். அது ஓடியது என் சர்க்யூட் சரியாக இருந்ததால் அல்ல, அந்த ஒரு டிரான்சிஸ்டரின் புண்ணியத்தில். அந்த மீட்டர் காட்டுகிற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சுமார் 10 மைக்ரோஆம்பியர் பேஸுக்குக் கொடுத்துப் பார்க்கிற அளவு அது. கலெக்டரில் ஐம்பது, நூறு மில்லிஆம்பியர் ஓடும்போது எச்எஃப்இ இறங்கிவிடும்.

இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் அப்படித்தான். தயாரிப்பாளர் தருகிற விவரத்தாளான டேட்டாஷீட்டில் எச்எஃப்இ பெரிதாக இருக்கும், அதை எடுத்து வகுத்து, பேஸுக்கு இவ்வளவு போதும் என்று எழுதிவிடுவோம். அந்த எண் ஆம்ப்ளிஃபயர் வேலைக்கானது. பிசி547 பிறந்ததே அதற்குத்தான்: பெயரில் முதல் எழுத்து பி என்றால் சிலிக்கான், அடுத்த சி என்றால் சின்ன சக்தி ஆடியோ டிரான்சிஸ்டர். சுவிட்சாகப் போடும்போது எச்எஃப்இ-யை மறந்துவிட வேண்டும். அதே டேட்டாஷீட்டில் சாச்சுரேஷன் வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கரண்டில் அளந்தார்கள் என்று பாருங்கள்: கலெக்டரில் 100 மில்லிஆம்பியர், பேஸில் 5. அதாவது இருபதில் ஒரு பங்கு பேஸுக்குக் கொடுத்தால்தான் முழுசாகத் திறக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். பல டிரான்சிஸ்டர்களுக்கு அது பத்தில் ஒரு பங்கு.

நம்ம ஊர்க் குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி திறந்தால் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை மடை தீர்மானிக்கும், பலகையை ஒரு விரல்கடை அசைத்தாலும் தண்ணீர் கூடும் குறையும். முழுக்கத் தூக்கிவிட்டால் அப்புறம் ஓடையின் அகலம்தான் கணக்கு, மடைக்கு அங்கே பேச்சே இல்லை. சுவிட்சும் அப்படித்தான் இருக்க வேண்டும். எவ்வளவு கரண்டு ஓட வேண்டும் என்பதை ரிலே காயில் தீர்மானிக்கட்டும், டிரான்சிஸ்டர் தீர்மானிக்கக் கூடாது. ஏ ரகமோ சி ரகமோ, குளிரோ வெயிலோ, யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது.

நான் பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்கிறேன். 71-ல் பத்தில் ஒன்று 7.1 மில்லிஆம்பியர். இவ்வளவு கொடுக்கும்போது பேஸ் எமிட்டர் 0.8 வரை ஏறும், 3.3-ல் அதைக் கழித்தால் 2.5. 2.5 வோல்ட்டை 7.1 மில்லிஆம்பியரால் வகுத்தால் 352 ஓம். கடையில் கிடைப்பது 330 அல்லது 390. கீழே இருப்பதை எடு, கரண்டு கூடட்டும். 330-ல் ஏழரை மில்லிஆம்பியர் வரும். இங்கே ஒரு நிமிஷம் நின்று, போர்டின் பின் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும். ஈஎஸ்பி8266 ஒரு பின்னில் 12 மில்லிஆம்பியர் வரை தரும், சரி. ரெசிஸ்டரில் எரிவது 20 மில்லிவாட் கூட இல்லை, கால்வாட் ரெசிஸ்டர் தாராளம்.

இதே ரிலேயை 5 வோல்ட் தருகிற அர்டுயினோ போர்டில் போட்டால் 1 கே போதும். நாலு மில்லிஆம்பியர் சொச்சம் வரும், பதினேழில் ஒரு பங்கு, டேட்டாஷீட் சொன்ன இருபதுக்குள் அடங்கிவிடுகிறது. எல்லா வரைபடத்திலும் 1 கே இருப்பது அதனால்தான். அதே 1 கே-யை 3.3 வோல்ட் போர்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டரை மில்லிஆம்பியர்தான். பெரும்பாலும் ஓடிவிடும். நான் போடமாட்டேன். பெரும்பாலும் என்கிற சொல்லோடு மூன்று வாரம் வாழ்ந்தாயிற்று.

பழைய 8051 ரகச் சிப்பில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பின்கள் கரண்டை உள்ளே இழுக்கும், வெளியே தருவது மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். அங்கே ரெசிஸ்டரைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. பேஸிலிருந்து கரண்டை வெளியே இழுத்தால் திறக்கிற பிஎன்பி டிரான்சிஸ்டர் போடுங்கள், இல்லை பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் கொடுத்து, ரிலே ஓட்டுகிற ரெடிமேட் சிப்பான யுஎல்என்2003 போடுங்கள். யுஎல்என்2003-க்குள்ளேயே 2.7 கே பேஸ் ரெசிஸ்டரும் டயோடும் இருக்கிறது. உள்ளே இரண்டிரண்டு டிரான்சிஸ்டராக அடுக்கிய டார்லிங்டன் என்பதால் ஒரு வோல்ட் அளவுக்கு அதுவே தின்றுவிடும், 5 வோல்ட் ரிலேக்கு நாலு வோல்ட்தான் மிஞ்சும், ஆனாலும் இழுக்கும்.

சரி, ஷெட்டுக்குத் திரும்புவோம். பையில் எல்இடிக்காக வாங்கிய 330 ஓம் கிடந்தது, ஆரஞ்சு ஆரஞ்சு பிரவுன். மெயினை அணைத்துவிட்டு, 10 கே-யைக் கழற்றி 330-ஐ வைத்தேன். கரண்டு கொடுத்தேன். போர்டுக்கு உயிரே வரவில்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மரம் காத்துக்கொண்டிருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். நேரம் ஏற ஏறப் பால் குறையும், அவர் கவலை அவருக்கு.

இருபது நிமிஷம் முழித்தேன். ரெசிஸ்டரைக் கழற்றினால் போர்டு எழுகிறது, வைத்தால் செத்துப்போகிறது. அப்புறம்தான் எந்தப் பின்னில் கொடுத்திருக்கிறேன் என்று பார்த்தேன். டி3. அது சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ0, கரண்டு வரும் நேரத்தில் அந்தப் பின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துத்தான் சிப் உன் புரோகிராமை ஓட்டவா, புதுப் புரோகிராம் ஏற்றக் காத்திருக்கவா என்று முடிவு பண்ணும். போர்டில் அதை மேலே தூக்கிப் பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு கே ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. என் பழைய 10 கே இருந்தவரை அந்தப் பின் இரண்டு வோல்ட் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கி, எப்படியோ மேலே என்று கணக்கில் சேர்ந்திருக்கிறது. 330 வைத்ததும் பேஸ் அதை 0.8 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துவிட்டது. சிப் புதுப் புரோகிராமுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நான் அது செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒயரை டி1-க்கு மாற்றி, புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றி ஏற்றினேன். டக்.

ரிலேயை ஓட்டுகிற டிரான்சிஸ்டரை டி3, டி4, டி8 மூன்றிலும் கொடுக்காமல் இருந்தால் பாதித் தலைவலி இல்லை. டி1, டி2 சாதுவானவை. இன்னொன்று, கழற்றிய 10 கே-யைத் தூக்கிப் போடவில்லை, பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே போட்டுவிட்டேன். கரண்டு வந்து சிப் கண்விழிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் போர்டின் பின் அந்தரத்தில் நிற்கும், அப்போது பேஸைத் தரையில் பிடித்துவைக்க அது வேண்டும். 0.07, 0.08 மில்லிஆம்பியர்தான் அது எடுத்துக்கொள்ளும், ஏழரையில் அது ஒரு பொருட்டே இல்லை. மழைக்காலத்தில் இங்கே கரண்டு போய்ப் போய் வரும், ஒவ்வொரு முறையும் கான்டாக்டர் ஒருமுறை துள்ளினால் மோட்டாருக்கு நல்லதில்லை. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு முதலிலேயே போட்டிருந்தேன், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். அதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். காயில் விடுகிற நேரத்தில் எழும்புகிற வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

கால்களை மாற்றிப் போட்டுவிட்டு ரெசிஸ்டரைத் திட்டுகிறவர்களும் உண்டு. பிசி547-ன் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் திருப்பாமல் வைத்தால் முழுசாகச் சாகாது, எச்எஃப்இ பத்துக்குள் இருக்கிற ஒரு சோகை டிரான்சிஸ்டராக வேலை செய்யும், அதுதான் இன்னும் மோசம்.

மத்தியானம் ஓடியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மத்தியானம் எப்போதும் ஓடத்தான் செய்தது. அன்றைக்கு ராத்திரியும் தங்கினேன், திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு. நாலரைக்கு ஷெட்டில் மீட்டரைக் கலெக்டரிலும் எமிட்டரிலும் வைத்துக்கொண்டு நின்றேன். ரிலே அடித்தது, கான்டாக்டர் தொம் என்று விழுந்தது, மோட்டார் கிளம்பியது. மீட்டரில் 0.14.

மாமா மீட்டரை எட்டிப் பார்த்தார். "கொறஞ்சு போச்சே மக்களே, நேத்து ஒண்ணரைல்லா இருந்து?" என்றார். குறைந்ததுதான் மாமா நல்லது என்றேன். அவருக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. போகிற போக்கில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தோட்டத்துக்கு இறங்கினார்.